துணிப்பூ ஜாடி: முதல்முறை வைப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மேடம், சில்க் பூ என்கிறார்களே, உண்மையிலேயே பட்டா? கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பெயரில்தான் பட்டு. இப்போது கடையில் தொங்குவது பெரும்பாலும் பாலியஸ்டர் துணி. தண்டு பிளாஸ்டிக், அதற்குள் இரும்புக் கம்பி. ‘ரியல் டச்’ என்று விலை கூட்டிச் சொல்வது லேடெக்ஸ் போன்ற பூச்சு போட்ட இதழ், தொட்டால் சில்லென்று இருக்கும்.

பூவைப் பார்ப்பதற்கு முன்னால் தண்டை வளைத்துப் பாருங்கள். வளைத்த இடத்திலேயே நின்றால் உள்ளே கம்பி இருக்கிறது. துள்ளித் திரும்பி வந்தால் வெறும் பிளாஸ்டிக். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அடுத்து இதழ் ஓரம். பிசிறு தெரிந்தால் வேண்டாம். ஒரே சிவப்பாக இருக்கும் இதழைவிட, அடிப்பக்கம் கொஞ்சம் பச்சையோ வெளிறலோ ஓடும் இதழ்தான் தள்ளி நின்று பார்க்கும்போது நிஜமாகத் தெரியும். சென்னைக்காரர்கள் பாரிமுனை, சவுகார்பேட்டை பக்கம் போனால் கொத்தாகவும் வாங்கலாம், தனித் தண்டாகவும் வாங்கலாம். ஆரம்பத்தில் தனித் தண்டு வாங்குங்கள்.

கேள்வி: வீட்டுக் கத்தரிக்கோல் போதுமா?

பதில்: போதாது. ஒரே நாளில் கத்தரி வாய் பல் பல்லாகிவிடும். கம்பி வெட்டும் கட்டிங் பிளையர் ஒன்று, பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் சின்ன க்ளூ கன், தண்டைச் சுற்றும் பச்சை ஃப்ளோரல் டேப் ஒரு சுருள், ஒரு ஸ்கேல். இவ்வளவுதான். தடித்த தண்டு ஒரே அமுக்கில் அறுபடாது. சுற்றிலும் பிளையரால் கடித்துவிட்டு, அந்த இடத்தை முன்னும் பின்னும் நாலைந்து முறை மடக்கினால் முறியும். வெட்டும்போது நுனியைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள், இல்லையென்றால் துண்டு கண்ணுக்குத் தெறிக்கும்.

கேள்வி: அக்கா, நல்ல பூவாகத்தான் வாங்கினேன். ஜாடியில் வைத்தால் ஏதோ பிரைஸ் டேக் தொங்காத கடைக்கொத்து மாதிரியே இருக்கு. எங்கே தப்பு?

பதில்: இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். தப்பு நீங்கள் வைத்த விதத்தில் இல்லை, வைப்பதற்கு முன்னால் செய்யாமல் விட்டதில் இருக்கிறது. பூக்கள் பெட்டியில் நசுங்கித்தான் வருகின்றன. இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இலைகள் தண்டோடு படிந்து, எல்லாப் பூவும் வானத்தைப் பார்த்தபடி நேராக நிற்கும். வாசல் செம்பருத்தியைப் பாருங்கள், எந்த இரண்டு பூவாவது ஒரே பக்கம் பார்க்கிறதா?

ஒரு ரோஜாத் தண்டை எடுத்து இப்படிச் செய்யுங்கள். வெளி அடுக்கு இதழ்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் பின்னுக்கு மடக்குங்கள். நடு அடுக்கைப் பாதி மட்டும் திறங்கள். உள் மொட்டைத் தொடவே வேண்டாம். ஐந்து ரோஜாவில் ஒன்றையாவது பாதி மொட்டாகவே விடுங்கள். பிறகு இலை. நடுநரம்பில் கம்பி இருந்தால் நுனியைக் கீழே வளைத்து, லேசாக ஒரு பக்கம் முறுக்குங்கள். கம்பி இல்லையென்றால் பென்சிலில் சுற்றி, ஹேர் டிரையரின் வெதுவெதுப்பான காற்றைப் பத்து விநாடி காட்டி ஆறவிடுங்கள். கடைசியாகத் தண்டு: இரண்டு கைக்கும் நடுவில் பிடித்து ஒரே இடத்தில் மடக்காமல், நீளம் முழுக்கப் பரவுகிற மாதிரி மெல்ல வில்லாக வளைக்க வேண்டும். பூவின் தலைக்கு ஒரு அங்குலம் கீழே இன்னொரு சின்ன வளைவு. அந்த வளைவுதான் பூவை ஆளைப் பார்க்க வைக்கும்.

மடிப்புக் கோடு போகவில்லையென்றால் கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே ஒரு ஜாண் உயரத்தில் பிடித்து நீவுங்கள். அயர்ன் பாக்ஸ் கூடாது, பாலியஸ்டர் சுருங்கி உருகிவிடும். ‘ரியல் டச்’ பூச்சுப் பூவுக்கு ஆவியும் வேண்டாம்.

பூ வைக்கிற நேரத்தைவிட இந்த வேலைக்கு அதிக நேரம் ஆகும். ஆகட்டும்.

கேள்வி: பூக்கடையில் பச்சை ஃபோம் வாங்கினேன். ரெண்டு நாளில் பூவெல்லாம் ஆடுது.

பதில்: அது தண்ணீரில் ஊறவைத்து நிஜப் பூ குத்துவதற்கான ஃபோம். காய்ந்த நிலையில் குத்தினால் மாவாக உதிரும், ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். அந்தத் தூளை மூக்கில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். செயற்கைப் பூவுக்கு ‘டிரை ஃபோம்’ என்று கேளுங்கள். பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், அமுக்கினால் கெட்டியாக இருக்கும். கிடைக்காத ஊரில் தெர்மாகோல் கட்டி போதும். ஆனால் ஒருமுறை குத்தி எடுத்த ஓட்டையில் தண்டு மறுபடி நிற்காது.

கேள்வி: முதல் ஜாடிக்குச் சரியான அளவு சொல்லுங்கள். எத்தனை பூ, எவ்வளவு உயரம்?

பதில்: 6 அங்குல உயரம், 3 அங்குல வாய் உள்ள பீங்கான் ஜாடி என்று வைத்துக்கொள்வோம். ரோஜா 5, சின்னப்பூக் கிளை 2, இலைக்கொத்து 1. சின்னப்பூக் கிளையையும் இலைக்கொத்தையும் கிளை பிரியும் இடங்களில் வெட்டினால் பத்துப் பதினைந்து துண்டு தேறும்.

ஜாடி விளிம்புக்கு மேலே பூ நிற்கும் உயரம் ஜாடி உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது இங்கே 9 அங்குலம். எல்லாத் தண்டுக்கும் 2 அங்குலம் கூடுதலாக விடுங்கள், அது ஃபோமுக்குள் போகும் பங்கு. நுனியைச் சரிவாக வெட்டினால் சுலபமாக இறங்கும்.

ஃபோமை ஜாடிக்குள் இறுக்கமாகச் செருகி, விளிம்புக்கு மேலே முக்கால் அங்குலம் தெரிய விடுங்கள். பலரும் விளிம்போடு மட்டமாக வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் பக்கவாட்டில் குத்த இடமில்லாமல் எல்லாப் பூவும் மேல்நோக்கியே நிற்கும். முதலில் இலை. விளிம்பைச் சுற்றி ஆறேழு துண்டு, வெளியே சரிந்து ஜாடி வாயை மறைக்கிற மாதிரி. பிறகு முதல் ரோஜா, 9 அங்குலம், நட்டநடுவில் வேண்டாம், மையத்திலிருந்து ஒரு விரல் தள்ளி. அடுத்த இரண்டும் 7 அங்குலம், ஒன்று இடது முன்னால், ஒன்று வலது பின்னால். கடைசி இரண்டும் 4 அங்குலம், விளிம்புக்கு மேல் சாய்ந்து வெளியே பார்க்க வேண்டும். அரைமொட்டாக விட்டது உச்சியில், நன்றாக மலர்ந்தது கீழே. ஒவ்வொரு தண்டு வைத்ததும் ஜாடியைக் கால் சுற்று திருப்புங்கள். மிச்சமிருக்கும் இடைவெளியில் சின்னப்பூ. எல்லா இடைவெளியையும் அடைக்க வேண்டாம், காற்று போக வழி இருந்தால்தான் ரோஜா தெரியும்.

அதே கேள்வியாளர்: அளவு சரியாகத்தான் வைத்தேன், ஜாடியே சாய்கிறது!

பதில்: உங்களுடையது அடி கனமில்லாத பீங்கான், அல்லது பிளாஸ்டிக் ஜாடியாக இருக்கும். ஃபோமுக்குக் கீழே பாதி வரை கழுவிக் காயவைத்த மணலோ கூழாங்கல்லோ போடுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றலாமா என்று வேறொருவர் கேட்டிருந்தார். நேரடியாக ஜாடியில் ஊற்றாதீர்கள். இறுகும்போது சூடேறிக் கொஞ்சம் விரியும், கண்ணாடியும் பீங்கானும் விரிசல் விடும். பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, இறுகிய பின் ஜாடிக்குள் இறக்குங்கள்.

கேள்வி: க்ளூ கன்னால் ஒட்டினேன், தெர்மாகோல் குழி விழுந்து உருகிப் போச்சு.

பதில்: சூட்டுப் பசை தெர்மாகோலை உருக்கிவிடும். தண்டு நுனியில் பசையைத் தடவி, நாலைந்து விநாடி பொறுத்துக் குத்துங்கள். அவசரமில்லையென்றால் ஃபெவிகால் தடவி ஒரு ராத்திரி விட்டுவிடுவது உத்தமம். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தொங்கும் பசையை ஹேர் டிரையர் சூட்டில் ஒரு வீச்சு வீசினால் மறைந்துவிடும். மேற்கு ஜன்னலோரம், கோடையில் மூடிய கார், இந்த இரண்டு இடத்திலும் பசை இளகிப் பூ தலை தொங்கும். வெயிலில் நிறமும் வெளுக்கும்.

கேள்வி: கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நிஜம் மாதிரி இருக்குமே?

பதில்: ஒரு வாரம் இருக்கும். வெட்டிய நுனியில் கம்பி துருப்பிடித்துத் தண்ணீர் பழுப்பாகும். அதற்குப் பதில், ஜாடி வாயில் கால் அங்குல அகலமுள்ள செல்லோ டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக, முக்கால் அங்குலக் கட்டங்களாக ஒட்டுங்கள். கட்டத்துக்கு ஒரு தண்டு. ஃபோமே வேண்டாம், இலை டேப்பை மறைத்துவிடும்.

கேள்வி: கொலுவிலும் பூஜை அறையிலும் வைக்கலாமா?

பதில்: சுவாமிக்குச் சாத்தலாமா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். என் பதில் நெருப்பைப் பற்றி மட்டும். பாலியஸ்டர் பற்றினால் உருகிச் சொட்டும், தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். எரியும் விளக்கு, கற்பூரத் தட்டு, ஊதுபத்தி எதற்கும் கைநீளத்துக்குள் வேண்டாம். விளக்குக்கு மேலே தோரணமாகக் கட்டவே கூடாது.

கேள்வி: தூசி?

பதில்: வாரம் ஒருமுறை பெயின்ட் பிரஷ், அல்லது டிரையரில் குளிர்காற்று. படிந்துவிட்டால் பெரிய கவரில் அரை டம்ளர் கல்லுப்போடு தலைகீழாகப் போட்டு, வாயைப் பிடித்து ஒரு நிமிடம் குலுக்குங்கள். சமையலறைப் பிசுக்குக்கு மட்டும் சோப்புத் தண்ணீர். அதற்கு முன் ஈர வெள்ளைத் துணியால் ஒரு இலையைத் துடைத்துச் சாயம் போகிறதா பாருங்கள்.

கேள்வி: ஒரு ரோஜாவை ரொம்பக் குட்டையாக வெட்டிவிட்டேன். தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். மூங்கில் குச்சியைத் தண்டோடு ஒட்டி 2 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வருகிற மாதிரி பிடித்து, பச்சை டேப்பைக் கீழ்நோக்கிச் சரிவாகச் சுற்றுங்கள். சுற்றும்போதே டேப்பை இழுத்துக்கொண்டே போக வேண்டும். இழுத்தால்தான் அதில் உள்ள மெழுகு வெளிவந்து ஒட்டும். இழுக்காமல் சுற்றினால் வெறும் காகிதம்.