போர்ச் சூழலில் குழந்தைப் புற்றுநோய்: கேள்வி நேரம்

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவரும் குழந்தை. சண்டையால் மருத்துவமனைப் பக்கமே போக முடியவில்லை. சில வாரம் விட்டுப்போனால் பரவாயில்லையா?

எந்தக் கட்டத்தில் விட்டுப்போகிறது என்பதைப் பொறுத்தது. சிகிச்சையின் முதல் ஒரு மாதத்தில் இடைவெளி விழவே கூடாது. அந்த மாதம் முடியாத குழந்தையைத்தான் முதலில் இடம் மாற்ற வேண்டும். அந்தக் கட்டத்தில் தரும் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரியும் அபாயமும் உண்டு.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயான லிம்போபிளாஸ்டிக் வகையில், பிறகு வரும் நீண்ட மாத்திரைக் கட்டத்தை வீட்டிலேயே தொடரலாம். தினமும் மெர்காப்டோபியூரின், வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட். வீட்டில்தானே என்று அலட்சியம் வேண்டாம். மெர்காப்டோபியூரின் 20 நாளில் ஒரு நாளுக்கு மேல் விட்டுப்போனாலே நோய் திரும்பும் ஆபத்து கூடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. வழி திறந்திருக்கும்போதே சில வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

இடம் மாறும்போது நடக்கும் மிக மோசமான தவறு, வார மருந்தான மெதோட்ரெக்சேட்டைத் தினமும் கொடுத்துவிடுவது. வாய் முழுக்கப் புண் வரும், ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். பெட்டியின் மேல் கிழமையைப் பெரிதாக எழுதுங்கள். வாய்ப்புண் கண்டால் அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: பதுங்குமிடத்தில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால்?

விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு முறை 38.3 டிகிரி செல்சியஸ், அல்லது ஒரு மணி நேரத்துக்கு 38 நீடித்தாலே அவசரம். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நீட்ரோபில், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே இருக்கும் குழந்தைக்குக் கிருமி சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். மருத்துவமனையை எட்டிய ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று மறையாது. தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைக்கக் கூடாது. போகவே வழியில்லை என்றால் எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மின்சாரம் இல்லாதபோது ஊசி மருந்துகளை எப்படிக் காப்பது?

வின்கிரிஸ்டின், அஸ்பராஜினேஸ் இரண்டுக்கும் 2 முதல் 8 டிகிரி தேவை. திறக்காத ஃபிரிட்ஜ் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். அதற்குமேல் ஐஸ் பெட்டிதான். ஐஸ் கட்டியும் மருந்துக் குப்பியும் தொடாதபடி நடுவே துணியோ அட்டையோ வையுங்கள். உறைந்த அஸ்பராஜினேஸ் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம், ஆனால் புரதம் கெட்டிருக்கும். மாத்திரைகளுக்கு இந்தக் கவலை இல்லை, வெயில் படாமல் இருந்தால் போதும்.

கேள்வி: வேறு நாட்டுக்குக் குழந்தையைக் கொண்டுபோகும்போது என்னென்ன ஆவணம் வேண்டும்?

மருத்துவமனைச் சீட்டுகளின் கட்டு மட்டும் போதாது, ஒரே பக்கச் சுருக்கம் வேண்டும். நோயின் பெயர், ஆபத்துப் பிரிவு, சிகிச்சை நெறிமுறையின் பெயர், எந்தக் கட்டத்தில் எத்தனையாவது நாள், கடைசியாக எந்த மருந்து எந்தத் தேதியில் எவ்வளவு, உயரம், எடை. புதிய மருத்துவர் அடுத்த ஊசியை இவற்றை வைத்துத்தான் முடிவு செய்வார்.

பலரும் விட்டுவிடுபவை மூன்று. டாக்சோரூபிசின் போன்ற ஆந்த்ராசைக்ளின்கள் இதுவரை ஏறிய மொத்த அளவு: இதயத்தைப் பாதிப்பவை என்பதால் வாழ்நாள் வரம்பு உண்டு, விடுபட்டால் கணக்கு தவறும். அஸ்பராஜினேஸ் ஒவ்வாமை வந்ததா என்பது. தண்டுவடத்தில் போட்ட ஊசிகளின் தேதியும், தண்டுவட நீரின் பரிசோதனை முடிவும். திசுக் கண்ணாடித் தகடுகளைக் கேட்டுப் பெறுங்கள், திரும்பப் பார்க்க உதவும். காகிதம் ஒன்று, கைபேசிப் படம் ஒன்று, உறவினரிடம் இன்னொரு பிரதி.

2022-இல் உக்ரைனிலிருந்து புற்றுநோய்க் குழந்தைகளை வெளியேற்றியபோது, அமெரிக்காவின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை பங்காளிகளுடன் நடத்திய ஏற்பாட்டில் கோப்புகளை மொழிபெயர்த்தார்கள். போலந்தின் போச்செனியெட்ஸ் மையத்தில் குழந்தைகளைப் பரிசோதித்து, பிறகு வெவ்வேறு நாட்டு மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். யார் பயணத்தைத் தாங்குவார் என்பதை அங்கே மருத்துவர்தான் தீர்மானித்தார்.

கேள்வி: ரத்தம் கிடைக்குமா?

சிவப்பணு வாரக்கணக்கில் நிற்கும். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் 20–24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் பெரும்பாலும் 5 நாள்தான், அதனால் முதலில் தட்டுப்பாடாவது அதுதான். ஈறில் ரத்தம், உடலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் உடனே சொல்லுங்கள், ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் வேண்டாம்.