மூன்று வேலை மாறியாயிற்று, பொழுதுபோக்கையும் தொழிலாக்கிவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. மருந்தியல் படித்துவிட்டு ஒரு மருந்து நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். அதை விட்டுப் படங்களுக்கு சப்டைட்டில் எழுதினேன். இப்போது ஒரு நூலகத்தில் பழைய புத்தகங்களையும் ஆவணங்களையும் பாதுகாக்கும் பிரிவில் வேலை. கூடப் படித்தவர்கள் எல்லாம் பெரிய பொறுப்புகளில் இருக்கிறார்கள். 'எதிலும் நிலைத்து நிற்கத் தெரியாதவள்' என்ற பேச்சு வீட்டிலேயே காதில் விழுகிறது. மாலையில் புக் பைண்டிங், மேகமில்லாத இரவுகளில் டெலஸ்கோப், இந்த இரண்டும்தான் சந்தோஷம் தருகின்றன. பைண்டிங்கை ஆர்டர் எடுத்துச் செய் என்று தோழிகள் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இறங்கிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேலையை விடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் அந்த 'நிலைத்து நிற்கத் தெரியாதவள்' என்ற பேச்சு. உங்கள் கடிதத்தில் என்னை வருத்தப்படுத்தியது அந்தப் பேச்சு அல்ல, அதை நீங்களும் பாதி நம்புவதுதான். மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது என்ன? எழுதி வைக்காதது செய்யப்படாதது. இப்போது ஒரு பழைய ஆவணத்தைத் தொடுவதற்கு முன் அதன் நிலையை எழுதுகிறீர்கள், செய்த ஒவ்வொன்றையும் எழுதுகிறீர்கள், அடுத்த தலைமுறையில் வருகிறவர் உங்கள் வேலையைப் பிரித்துத் திருத்த வேண்டியிருந்தால் அவருக்கு வழி தெரிய வேண்டும் என்பதற்காக. மரக்கூழ்த் தாள் மஞ்சளித்து நொறுங்குவதற்கு அமிலம் ஒரு முக்கியக் காரணம் என்று கேட்டதும் அந்த வேதியியல் உங்களுக்குப் புதிதாக இருந்திருக்காது. சப்டைட்டிலில், ஒருவர் மூச்சுவிடாமல் பேசுவதை இரண்டே வரியில், திரையில் சில விநாடி நிற்பதற்குள் படித்து முடிக்கும்படி சுருக்கினீர்கள். நூலகப் பட்டியலுக்காக ஒரு கையெழுத்துப் பிரதியைப் பற்றி நாலு வரி எழுதும்போது கைகொடுப்பது அதே பயிற்சி. பைண்டிங் செய்கிறவருக்குத் தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது விரலிலேயே தெரியும். அது புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓடாவிட்டால் பசையின் ஈரம் பட்டதும் தாள் நெளிந்துவிடும். இந்த அறிவு உங்கள் வேலைக்கு எவ்வளவு தேவை என்று உங்கள் பிரிவில் இருப்பவர்களையே கேளுங்கள். மூன்று இடத்திலும் நீங்கள் செய்தது நுணுக்கமாகப் பார்ப்பதும் பதிவு செய்வதும்தான்.

சரி, ஆர்டர் விஷயம். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவில் வரைவதை விரும்பிய மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள். சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்பே சொன்னார்கள், சிலருக்கு வரைந்து முடித்த பிறகு சொல்லாமல் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், முன்பே வாக்குக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவே இல்லை. இது சின்னக் குழந்தைகளிடம் செய்தது, பெரியவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் உங்கள் நிலைமைக்கு இதிலிருந்து ஒரு நல்ல வழி கிடைக்கிறது. உங்களுக்குப் பிடித்தபடி ஒரு நோட்டைக் கட்டி முடியுங்கள், யாராவது கேட்டால் விற்றுவிடுங்கள். முன்பணம் வாங்காதீர்கள், தேதி சொல்லாதீர்கள். ஒரு வருடம் இப்படிப் போகட்டும். அதற்குப் பிறகும் ஒரே மாதிரி ஐம்பது டைரி கட்டவும், விலை பேசவும், வராத பணத்துக்கு நாலு தடவை போன் செய்யவும் மனசு இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது வேறு பதில் சொல்வேன்.

பொழுதுபோக்கிலிருந்து தொழிலுக்குப் போனவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். வில்லியம் ஹெர்ஷல் இருக்கிறாரே! பிழைப்புக்குத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, இசை சொல்லிக் கொடுத்தவர். உங்கள் வயதுக்குச் சற்று முன்னால்தான், முப்பதுகளின் நடுவில், தொலைநோக்கிக் கண்ணாடிகளைத் தானே தேய்க்க ஆரம்பித்தார். 1781 மார்ச் 13-ஆம் தேதி வீட்டிலேயே செய்த தொலைநோக்கியில் யுரேனஸைக் கண்டார், முதலில் அதை வால்நட்சத்திரம் என்றே நினைத்தார். அடுத்த வருடம் இங்கிலாந்து அரசர் உதவித்தொகை கொடுத்த பிறகுதான் இசைத் தொழிலை விட்டார், அதுவும் இசையில் கிடைத்ததைவிடக் குறைவான வருமானத்துக்கு. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தங்கை கரோலினை விட்டுவிடுவார்கள், அதுதான் எனக்குக் கோபம். அண்ணன் கையை எடுக்காமல் மணிக்கணக்கில் கண்ணாடி தேய்த்தபோது வாயில் உணவை ஊட்டியதும், கணக்குகள் போட்டதும், தன்னுடைய பாட்டுத் தொழிலை விட்டதும் அந்தப் பெண்தான் (அப்புறம் அவரே எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார் என்பது வேறு விஷயம்). நீங்கள் சம்பளத்தை விட்டால் அந்த பாரத்தை உங்கள் வீட்டில் யார் சுமப்பார்கள், அவரிடம் கேட்டீர்களா?

ஐராவதம் மகாதேவன் வழி வேறு. ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளையும் சிந்துவெளி எழுத்துகளையும் ஆராய்ந்தார். 1980-இல் விருப்ப ஓய்வு பெறுவதற்குள் ஆராய்ச்சியாளராகப் பெயர் வாங்கியாயிற்று. அவருக்கு இரண்டும் சேர்ந்தே ஓடின, உங்களுக்கும் இப்போது ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

டெலஸ்கோப்பை மட்டும் எதற்கும் பயன்படுத்தாதீர்கள். வீடியோ போடு, வகுப்பு எடு என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஒரு மணி நேரம் உங்களுக்குத் தேவை, மாறி மாறி வேலை கற்றுக்கொண்டே வந்தவருக்கு இன்னும் அதிகமாகவே தேவை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மூன்று வேலை மாறியதில் ஓய்வுக்காலச் சேமிப்பு எங்கெங்கே நிற்கிறது, இடையில் எத்தனை மாதம் விட்டுப்போயிருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரே பாதையில் போன உங்கள் நண்பர்களுக்கு இது தானாகச் சேர்ந்திருக்கும், உங்களுக்கு நீங்கள்தான் தேடிச் சேர்க்க வேண்டும். இந்த மாதமே பழைய இரண்டு இடங்களின் காகிதங்களையும் எடுத்து உட்காருங்கள். அந்தத் தொகையும், சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் ஓட்டும் அளவுக்குக் கையில் பணமும் இருக்கிறதா என்று தெரிந்த பிறகு பைண்டிங்கைப் பற்றி யோசியுங்கள்.