மூக்குக்கண்ணாடியில் சுற்றிய நூல்

கேள்வி: நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து நடத்தும் சிறிய நாடகக் குழு. குழுவில் உள்ள ஒரு பெண் எழுதிய புதிய நாடகத்தை நான் இயக்குகிறேன். அம்மா இறந்த பிறகு அவருடைய வீட்டைக் காலிசெய்ய வரும் மூன்று சகோதரிகளின் ஒரு பகல்பொழுதுதான் கதை. முடிவில் மூத்தவள், தன் இருபது வருடத் திருமணத்திலிருந்து விலகப்போவதாகத் தங்கைகளிடம் சொல்கிறாள். குழுவின் மூத்த உறுப்பினர்கள் இருவர், “இது நாடகமாக இல்லை, பிரசங்கமாக இருக்கிறது. ஆண்கள் தரப்பைப் பேச ஒரு பாத்திரத்தைச் சேருங்கள், முடிவையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்” என்கிறார்கள். எழுதியவரோ ஒரு வரியைக்கூடத் தொட விடமாட்டேன் என்கிறார். இதற்கு நடுவில், மூத்தவளாக நடிப்பவர் பாதி நாள் ஒத்திகைக்குத் தாமதமாக வருகிறார். அரங்கேற்றத்துக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. அவரை மாற்றிவிடலாமா? நான் யார் பக்கம் நிற்பது? பிரதியை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

பிரதியை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை பதினோராம் பக்கத்தைத் தாண்ட வெகுநேரம் ஆனது. கடைசித் தங்கை மேசை இழுப்பறையிலிருந்து அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுக்கிறாள். ஒரு பக்கத்துக் காம்பு உடைந்து, கறுப்பு நூல் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. அவள் போட்டுப் பார்க்கிறாள். நடுவிலுள்ளவள் வாங்கிப் போட்டுப் பார்க்கிறாள். மூத்தவள் கையில் வாங்கி, போட்டுக்கொள்ளாமல், துடைத்து மட்டும் வைக்கிறாள். ஒரு வசனம்கூடக் கிடையாது. மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் தனக்கென்று ஒரு கண்ணாடி மாற்றிக்கொள்ளவில்லை என்பதும், மூன்று பேரும் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்கள் என்பதும் அந்த அரைப் பக்கத்துக்குள் வந்துவிடுகின்றன. உங்கள் குழுவில் நாடகம் எழுதத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அதற்காக முதலில் சந்தோஷப்படுங்கள்.

அதே கைதான் பதினேழாம் பக்கத்தில் நடுச் சகோதரிக்கு ஒன்றரைப் பக்க வசனம் கொடுத்திருக்கிறது. வீட்டு வேலை, சம்பளம், சொத்து, மரியாதை என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒன்றரைப் பக்கத்தை மூவரில் யார் வாயில் வைத்தாலும் பொருந்தும். வேறொரு நாடகத்தில் வைத்தாலும் பொருந்தும். அதுவரை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்த, முன்கோபக்காரியான, தங்கைக்கு முன்னால் அழக் கூச்சப்படுகிற அந்தப் பெண்ணை அந்த இடத்தில் காணவில்லை. உங்கள் மூத்த உறுப்பினர்களுக்குப் பிரசங்கமாகக் கேட்டது இதுவாகத்தான் இருக்க வேண்டும். நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள், மருந்தைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள்.

உங்களைப் போன்ற ஒரு சிறிய குழுவின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ப்ராவின்ஸ்டவுன் என்ற கடலோர ஊரில், படகுத்துறையில் இருந்த பழைய மீன்கிடங்கு ஒன்றை அரங்கமாக்கி ஒரு குழுவினர் நாடகம் போட்டார்கள். 1916ஆம் ஆண்டு அங்கே சூசன் கிளாஸ்பெல் எழுதிய ‘டிரைஃபிள்ஸ்’ என்ற ஓரங்க நாடகம் அரங்கேறியது. அற்ப விஷயங்கள் என்று அந்தத் தலைப்புக்குப் பொருள். மேடையில் ஐந்தே பேர், ஒரே ஒரு சமையலறை. பத்திரிகை நிருபராக இருந்த காலத்தில் கிளாஸ்பெல் செய்தி சேகரித்த ஒரு கொலை வழக்கிலிருந்து பிறந்த கதை அது. கணவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மனைவி மேடைக்கு வருவதே இல்லை. ஆண்கள் மாடியிலும் வெளியிலும் தடயம் தேடிக்கொண்டிருக்க, கீழே இரண்டு பெண்கள் அவள் பாதியில் விட்ட தையலைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். சீராக ஓடிவந்த தையல் ஓரிடத்தில் மட்டும் கோணல்மாணலாக இருக்கிறது. ஒருத்தி அதைப் பிரித்துவிட்டுச் சரியாகத் தைக்கத் தொடங்குகிறாள். ஒரு சாட்சியம் அங்கே பார்வையாளர் கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கிறது. அவள் வாய் திறந்து சொல்வதோ தையலைப் பற்றி மட்டும்தான். கிளாஸ்பெல்லே அந்த இருவரில் ஒருத்தியாக நடித்தார். நூறாண்டு தாண்டியும் அந்த நாடகத்தை உலகமெங்கும் போடுகிறார்கள். உங்கள் கண்ணாடிக் காட்சி இந்த வழியில் வந்ததுதான்.

அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த ஒத்திகையில் நடுச் சகோதரி அந்த ஒன்றரைப் பக்கத்தைப் பேச வேண்டாம். அந்த நேரம் முழுவதும் அவள் அம்மாவின் துணிகளைப் பிரித்து அடுக்கட்டும்: வைத்துக்கொள்ள ஒரு குவியல், கொடுத்துவிட ஒரு குவியல், எறிய ஒரு குவியல். ஏதோ ஒரு துணியில் அவள் கை தானாகவே தயங்கும். எந்தத் துணியில் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். எழுதியவரைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் சம்மதமில்லாமல் ஒரு சொல்லையும் வெட்டாதீர்கள். பிரதியின் உரிமை அவருடையது. ஆனால், ஒரு வரியையும் தொட விடமாட்டேன் என்பவர் பெரும்பாலும், அப்படிச் சொல்லும் அளவுக்கு யாரிடமோ காயப்பட்டவராக இருப்பார். ‘வெட்டுங்கள்’ என்று கேட்டால் கையை மூடிக்கொள்வார். ‘வந்து பாருங்கள்’ என்று கூப்பிட்டால் அவரே பென்சிலோடு வருவார் என்பது என் நம்பிக்கை. அந்த வசனத்தின் நடுவே “அம்மா நம்மோடு உட்கார்ந்து சாப்பிட்டு நீ பார்த்திருக்கிறாயா?” என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அது மட்டும் நிற்கட்டும். அந்த ஒரு வரியில் மற்ற எல்லாமே அடங்கியிருக்கிறது.

ஆண்கள் தரப்பைப் பேச ஒரு பாத்திரம் வேண்டவே வேண்டாம். வாதம் செய்வதற்கென்றே மேடையேறும் பாத்திரத்துக்கு உயிர் இருக்காது. அந்தப் பக்கத்துக்கும் அது நியாயம் செய்யாது. உண்மையில் கணவனுக்கான நியாயம் பிரதியிலேயே இருக்கிறது. “அவர் கெட்டவர் இல்லையே அக்கா” என்கிறாள் கடைசித் தங்கை. “கெட்டவர் இல்லை” என்கிறாள் மூத்தவள். அதற்குமேல் அவள் விளக்குவதில்லை. அவன் கொடுமைக்காரனாக இருந்திருந்தால் அரங்கிலிருக்கும் எல்லோருக்கும் வேலை சுலபமாகியிருக்கும். இப்போது ஒவ்வொருவரும் தங்கள் வீட்டை நினைத்துப் பார்த்தாக வேண்டும். தயவுசெய்து அந்த இரண்டு வரிகளை யாரும் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போக விடாதீர்கள்.

முடிவை மாற்றுவது பற்றி. இந்தக் கோரிக்கைக்கு வயது அதிகம். நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் ‘பொம்மை வீடு’ 1879இல் மேடையேறியது. கடைசியில் நாயகி நோரா கணவனையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறிவிடுகிறாள். ஜெர்மனியில் அதை நடிக்கவிருந்த பிரபல நடிகை ஹெட்விக் நீமன்-ராபே, அந்த முடிவை நடிக்க மறுத்துவிட்டார். பிறர் கைவைத்து இன்னும் கெடுத்துவிடுவார்களே என்று அஞ்சி, இப்சன் தானே மாற்று முடிவு ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதில் தூங்கும் குழந்தைகளைப் பார்த்ததும் நோரா போக முடியாமல் சரிந்துவிடுகிறாள். அந்த முடிவைத் தன் நாடகத்தின்மீது நடந்த காட்டுமிராண்டித்தனம் என்றே இப்சன் சொன்னார். இன்று உலகம் அறிந்தது நோரா வெளியேறும் முடிவைத்தான்.

உங்கள் முடிவு திடுதிப்பென்று வருவதாகத் தோன்றினால் அதற்குக் காரணம் வேறு. முன்னால் போட்டு வைத்த விதை பார்வையாளர் கண்ணில் படவில்லை. பிரதியைப் பாருங்கள்: தையல் இயந்திரம், அலமாரி, சுவர்க்கடிகாரம் என்று மூன்று முறை தங்கைகள் மூத்தவளிடம் நீட்டுகிறார்கள். “உன் வீட்டில்தான் இடம் இருக்கிறதே” என்கிறார்கள். மூன்று முறையும் அவள் வேண்டாம் என்கிறாள். கொண்டுபோய் வைக்க அவளுக்கு இனி வீடே இல்லை என்பது கடைசியில்தான் நமக்குத் தெரிகிறது. எவ்வளவு அருமையாக எழுதியிருக்கிறார்! அந்த மூன்று மறுப்புகளும் ஒன்றுக்கொன்று வேறுபட வேண்டும். முதலாவது சாதாரணமாக, இரண்டாவது கொஞ்சம் சட்டென்று, மூன்றாவது, கடிகாரத்தைக் கையில் வாங்கிக் கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டு. இந்த மூன்று இடங்களுக்கும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அதன்பின் முடிவு பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

இனி, தாமதமாக வரும் அந்த நடிகை. ஏன் தாமதம் என்று அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. பல வருடங்களுக்கு முன்பு நான் ஒரு குழுவில் இருந்தபோது, பெண்களின் உழைப்பைப் பற்றி ஒரு நாடகம் போட்டோம். ஒத்திகை மாலை ஆறு மணிக்கு. தினமும் ஆறரைக்கு ஓடிவரும் ஒரு நடிகையை எங்கள் இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். அவர் ஒன்றும் பேசவில்லை, மறுநாளிலிருந்து வரவுமில்லை. படுத்த படுக்கையாக இருந்த மாமியாருக்கு மாலைநேரத்துக் காரியங்களை முடித்துவிட்டுத்தான் அவர் வந்துகொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நானும் அன்று பேசாமல்தான் நின்றேன். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. உங்கள் ஒத்திகை நேரத்தை முடிவுசெய்தவர் யார், யாருடைய வசதிக்காக என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒரு மணிநேரம் தள்ளிவைத்தாலோ, மூத்தவள் இல்லாத காட்சிகளை முதலில் எடுத்துக்கொண்டாலோ, குழந்தையை ஒத்திகைக்கு அழைத்துவரலாம் என்று சொன்னாலோ பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அப்படியே, மேடையைப் பெருக்குவதும் உடைகளைத் தைப்பதும் யார் தலையில் விழுகின்றன என்பதையும் கவனியுங்கள். உண்மையிலேயே அவருக்கு ஈடுபாடு இல்லையென்றால் அது தனிப் பேச்சு. அதையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

எழுந்து போய்விடுவார்கள் என்ற பயத்துக்கு விவாதத்தால் பதில் கிடைக்காது. அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் முன்பு, நாடகக்காரர்கள் அல்லாத பத்துப் பதினைந்து பேரை, ஆண்களும் பெண்களுமாக, ஒத்திகைக்கு அழையுங்கள். நீங்கள் மேடையைப் பார்க்காமல் அவர்களையே பாருங்கள். எங்கே இருமுகிறார்கள், எங்கே உட்கார்ந்த நிலையை மாற்றுகிறார்கள், எங்கே அசையாமல் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மூத்த உறுப்பினர்களையும் பக்கத்தில் உட்கார்த்தி, அவர்களையும் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று தாள்களையும் எழுதியவரிடம் கொடுங்கள். யார் பக்கம் நிற்பது என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு அவசியம் இருக்காது.

கடைசியாக ஒன்று. அந்தக் கண்ணாடியில் நூலைச் சுற்றியது யார்? பிரதி முழுவதும் தேடினேன், எங்கும் இல்லை. எழுதியவரிடமும் கேட்காதீர்கள், வசனத்திலும் சேர்க்காதீர்கள். ஆனால் மூன்று நடிகைகளும் ஆளுக்கொரு பதிலை மனத்தில் வைத்திருக்கட்டும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல். நூலை அவர்களில் ஒருவரே கையால் சுற்றட்டும். ஆறு வாரமும் அதே கண்ணாடியை வைத்து ஒத்திகை பாருங்கள். அரங்கேற்றத்தன்று நூல் கொஞ்சம் அழுக்கேறி, நைந்து இருக்கும்.

அன்புடன்.