சாஸ் புரோகிராமர் வேலையிலிருந்து உயிரிப் புள்ளியியல் பிஎச்.டி.க்கு: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: மதுரையில் அரசுக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்தேன். வயது 27. மூன்று ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு மருந்து ஆய்வு நிறுவனத்தில் சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் புரோகிராமராக இருக்கிறேன். உயிரிப் புள்ளியியலில் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆனால் ரியல் அனாலிசிஸ் என்ற கணிதப் பாடத்தை மனப்பாடம் செய்து பாஸானவள் நான். இந்தியாவில் செய்வதா, அமெரிக்காவுக்கு முயல்வதா? வேலையை விடாமல் பகுதிநேரமாகச் செய்ய முடியுமா? தம்பியின் படிப்புச் செலவு என் சம்பளத்தில்தான் நடக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: இந்தியாவா, அமெரிக்காவா என்பதை அப்புறம் பார்க்கலாம். அதற்கு முன்னால் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, எந்த மாதிரியான பிஎச்.டி. வேண்டும் என்பது. இது தெளிவானால் எந்த ஊர், எந்த வழிகாட்டி, எவ்வளவு கணிதம் என்ற மற்றக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

உயிரிப் புள்ளியியல் பிஎச்.டி. என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான ஆய்வு நடக்கிறது. ஒன்றில், ஏற்கெனவே இருக்கும் முறைகளைக் கொண்டு ஒரு நோயைப் பற்றிய கேள்விக்கு விடை தேடுவீர்கள். காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் யார், டயாலிசிஸ் நோயாளிகளின் ஆயுளை எது குறைக்கிறது என்பது போல. இன்னொன்றில் முறையே ஆய்வுப் பொருள். இப்போது எல்லோரும் செய்கிற கணக்கு எந்தச் சூழலில் தவறான விடை தரும், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று கண்டுபிடித்து, அதைக் கணித ரீதியாக நிறுவி, சிமுலேஷனில் சோதித்துக் காட்ட வேண்டும். இந்திய மருத்துவக் கல்லூரிகளில் முதல் வகை அதிகம். அமெரிக்கத் துறைகளில் இரண்டாவது வகைதான் பிரதானம். இரண்டுமே மதிப்புள்ளவை. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றில் சேர்ந்துவிட்டால், இரண்டாம் ஆண்டிலேயே மனம் விட்டுப்போகும். அப்படித் தவித்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வேலையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பகுப்பாய்வுக்கென ஒழுங்குபடுத்திய ஆடம் டேட்டாசெட்டில், ஒரு மதிப்பு எப்படி வருவிக்கப்பட்டது என்று சொல்லும் டிடைப் என்றொரு வேரியபிள் வரும். சில வரிகளில் அதற்கு நேரே எல்ஓசிஎஃப் என்று போட்டிருப்பீர்கள். சர்க்கரை நோய் மருந்து ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நோயாளி 12ஆவது வாரம் வந்தபோது எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 8.1. 24ஆவது வாரம் அவர் வரவில்லை. அதே 8.1ஐ 24ஆவது வாரத்துக்கும் எடுத்துப் போட்டால் அதுதான் எல்ஓசிஎஃப். ஸ்பெசிஃபிகேஷனில் இருக்கிறது, நீங்கள் கோடு எழுதுகிறீர்கள், வேலிடேஷனில் பாஸ் ஆகிறது. ஆனால் அவர் ஏன் வரவில்லை? மருந்து ஒத்துக்கொள்ளாமல் நின்றிருக்கலாம். வேலைக்காக வெளியூர் போயிருக்கலாம். உடம்பு தேறிவிட்டது, இனி எதற்கு என்று விட்டிருக்கலாம். மூன்றுக்கும் அந்த 8.1 ஒரே பொருள் தருமா?

இன்னொருவர் 24ஆவது வாரமும் வந்தார். ஆனால் நடுவில் சர்க்கரை ஏறியதால் டாக்டர் கூடுதலாக ஒரு மருந்து கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுத்த அளவைக் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா? சேர்த்தால், நடைமுறையில் இந்த மருந்தைப் பரிந்துரைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை வரும். அந்தக் கூடுதல் மருந்தே கொடுக்கப்படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கேள்வி. கணக்குப் போடுவதற்கு முன்னால் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை வரையறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான், மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐசிஎச் அமைப்பு 2019இல் இறுதி செய்த, மருந்து ஆய்வுப் புள்ளியியல் பற்றிய இ9 வழிகாட்டியின் பிற்சேர்க்கை சொல்கிறது. அப்படி வரையறுத்த இலக்கைக் குறிக்கும் எஸ்டிமாண்ட் என்ற சொல் உங்கள் அலுவலகக் கூட்டங்களில் அடிபடுவது அதனால்தான். சரி, நோயாளி வராததற்கான காரணமே தெரியாதபோது எந்த அனுமானத்தில் மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் (விடுபட்ட மதிப்பைப் பலமுறை ஊகித்து நிரப்புவது) செய்வது? அந்த அனுமானம் எவ்வளவு தூரம் பிசகினால் முடிவு தலைகீழாகும்? இப்படியான கேள்விகளிலிருந்து முறைசார்ந்த பிஎச்.டி. தலைப்புகள் பிறக்கின்றன. கல்லூரியிலிருந்து நேரே வருகிற மாணவருக்கு இது புத்தகத்தில் ஓர் அத்தியாயம். நீங்கள் அந்த வரிகளைத் தினமும் தொட்டுப் பார்க்கிறீர்கள். உங்களிடம் இருக்கும் பெரிய பலம் இதுதான். விண்ணப்பத்தில் இதைத்தான் முன்னால் வைக்க வேண்டும்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். புரோகிராமர் பதவியிலிருந்து புள்ளியியலாளர் பதவிக்கு மாறுவது மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால் பிஎச்.டி. தேவையில்லை. எம்.எஸ்சி.யோடு அந்த மாற்றம் நடக்கிறது. நிறுவனத்துக்குள்ளேயே கேட்டுப் பாருங்கள். புதிய முறைகளை உருவாக்கும் குழுக்களில் சேர வேண்டும், பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வேண்டும், சொந்தமாக ஆய்வை வழிநடத்த வேண்டும் என்றால்தான் ஐந்தாறு ஆண்டுகளை இதற்குக் கொடுப்பதில் அர்த்தமுண்டு.

அடுத்து கணிதம். ரியல் அனாலிசிஸ் பயம் உங்களுக்கு மட்டும் இருப்பதல்ல, சரிசெய்ய முடியாததும் அல்ல. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை சொல்கிறேன். சாஸில் ப்ராக் லைஃப்டெஸ்ட் என்று எழுதினால், நாள் போகப்போக எத்தனை பங்கு நோயாளிகள் உயிரோடிருப்பார்கள் என்று காட்டும் கப்லான் - மேயர் வளைகோடும் ஒவ்வொரு புள்ளிக்குமான திட்டப்பிழையும் வந்துவிடுகின்றன. அந்தத் திட்டப்பிழை, 1926இல் மேஜர் கிரீன்வுட் என்ற புள்ளியியலாளர் தந்த சூத்திரத்திலிருந்து வருகிறது. கணினியை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் அந்தச் சூத்திரத்தைத் தருவித்துப் பாருங்கள். பெருக்கலை மடக்கையால் கூட்டலாக்கி, ஒவ்வொரு உறுப்பின் மாறுபாட்டையும் டெல்டா முறையில் (தோராயமாகக் கணக்கிடும் ஒரு வழி) எடுத்து, கூட்டி, மறுபடியும் டெல்டா முறையில் திரும்பி வர வேண்டும். அந்த உறுப்புகளைத் தனித்தனியாக எடுத்துக் கூட்டலாம் என்று எந்த உரிமையில் சொல்கிறோம் என்ற இடத்தில் தடுக்கி நின்றீர்களானால், எதைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. நேரியல் இயற்கணிதம், வரிசைகளின் ஒருங்கல், நிகழ்தகவில் ஒருங்கலின் வகைகள், அதிகபட்ச சாத்திய மதிப்பீட்டின் பண்புகள் ஆகியவைதான் அஸ்திவாரம். என்பிடெல் தளத்தில் இவற்றுக்கெல்லாம் இலவசப் பாடங்கள் உண்டு. கட்டணம் கட்டித் தேர்வெழுதினால் சான்றிதழும் கிடைக்கும். பழைய மதிப்பெண் பட்டியலில் ரியல் அனாலிசிஸ் குறைவாக இருப்பவர்களுக்கு, வெளிநாட்டு விண்ணப்பத்தில் அந்தச் சான்றிதழ் கொஞ்சம் கைகொடுக்கும்.

(கப்லானும் மேயரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தவர்கள் அல்லர். கப்லான் பெல் ஆய்வகத்தில் வெற்றிடக் குழாய்களின் ஆயுளையும், மேயர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நோயாளிகளின் ஆயுளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனித்தனியே எழுதியதை இணைத்து 1958இல் ஒரே கட்டுரையாக வெளியிட்டார்கள். கையிலிருக்கும் தரவில் கிடக்கும் சிக்கலிலிருந்து முறை பிறக்கும் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.)

இந்தப் படிப்பு வீணாகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வு உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வின் கணித அறிவியல் பாடத்திட்டத்தில் நான்கு அலகுகள். அனாலிசிஸும் நேரியல் இயற்கணிதமும் அடங்கிய முதல் அலகு எல்லோருக்கும் பொது. புள்ளியியல் பின்னணியில் வருபவர்கள் அதோடு நிகழ்தகவு, புள்ளியியல் உள்ள நான்காவது அலகை எழுதினால் போதும். ஆக, உங்கள் பலவீனத்தைச் சரிசெய்யும் படிப்பும் நெட் தேர்வுக்கான படிப்பும் ஒன்றுதான். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால், 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆன பின் 42,000 ரூபாய், அதன்மேல் வீட்டு வாடகைப்படி. உங்கள் இப்போதைய சம்பளத்தைவிட இது குறைவாக இருக்கலாம். தம்பியின் படிப்பு முடிய இன்னும் எத்தனை ஆண்டு, மாதம் எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஓராண்டு கூடுதலாக வேலை பார்த்துச் சேமித்துவிட்டுச் சேர்வதில் எந்த நஷ்டமும் இல்லை. அந்த ஓராண்டு கணிதத்துக்கும் வேண்டும்.

இனி இடம். நம் பக்கத்திலேயே நல்ல வாய்ப்புகள் இருக்கின்றன. வேலூர் சிஎம்சி, பெங்களூர் நிம்ஹான்ஸ், புதுச்சேரி ஜிப்மர், டில்லி எய்ம்ஸ், லக்னோ எஸ்ஜிபிஜிஐ ஆகியவற்றில் உயிரிப் புள்ளியியல் துறைகளே தனியாக உண்டு. சென்னையில் ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. முறை சார்ந்த ஆய்வுக்குக் கல்கத்தா ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) போன்ற இடங்களையும் பாருங்கள். இந்தியாவில் செய்தால் மட்டம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். காசநோயாளிகளை சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை தருவதா, வீட்டிலேயே மருந்து கொடுப்பதா என்பதைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு, 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தில்தான் நடந்தது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலன் தருகிறது, குடும்பத்தினருக்குத் தொற்றும் அபாயமும் அதனால் கூடவில்லை என்று 1959 முதல் வந்த முடிவுகள், உலக நாடுகளின் காசநோய்க் கொள்கையையே மாற்றின.

ஆனால் நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். யுஜிசியின் 2022 விதிப்படி பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வழிநடத்தலாம். எனவே இடம் காலியா என்று முதலில் கேளுங்கள். அதன்பின், அவரிடம் முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். நீங்கள் பயன்படுத்தப் போகும் தரவு யாருடையது, நெறிமுறைக் குழு அனுமதி வாங்கியாயிற்றா என்பதைச் சேர்வதற்கு முன்பே பேசிவிட வேண்டும். தரவு இன்னொரு துறையின் கையில் இருந்து, அனுமதிக்காகவே ஓராண்டு காத்துக் கிடப்பது இந்தத் துறையில் சகஜம். மருத்துவக் கல்லூரிகளில் இன்னொரு கஷ்டமும் உண்டு. முதுநிலை மருத்துவ மாணவர்கள் எல்லோரும் தீசிஸைத் தூக்கிக்கொண்டு சாம்பிள் சைஸ் போட்டுத் தாருங்கள், பி வேல்யூ பார்த்துத் தாருங்கள் என்று வந்து நிற்பார்கள். அந்த ஆலோசனைப் பணியில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் வாரத்தில் எத்தனை நாள் அதற்குப் போகும் என்று அங்கே இப்போது படிக்கும் மாணவரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவைப் பொறுத்தவரை, முதல் இரண்டு ஆண்டுகள் பாடங்கள், பிறகு தகுதித் தேர்வு, அதன்பின்தான் ஆய்வு. மொத்தம் ஐந்து ஆண்டு போல ஆகும். உங்கள் எம்.எஸ்சி.யால் பெரும்பாலும் இது குறையாது. நல்ல துறைகள் பிஎச்.டி. மாணவரிடம் பணம் வாங்குவதில்லை. கல்விக் கட்டணத்தை அவர்களே ஏற்று, மாத உதவித்தொகையும் மருத்துவக் காப்பீடும் தருவார்கள். பணம் கட்டிப் படிக்கச் சொல்லும் பிஎச்.டி. அனுமதி வந்தால் ஏற்காதீர்கள், கடன் வாங்கி எம்.எஸ். சேர்ந்து அங்கிருந்து பிஎச்.டி.க்குத் தாவலாம் என்ற யோசனையும் உங்கள் வீட்டு நிலைமைக்கு வேண்டாம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்சின் பயிற்சி நிதியிலிருந்து வரும் இடங்கள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பேராசிரியர்களின் ஆய்வு நிதி, கற்பித்தல் உதவியாளர் பணி ஆகியவற்றிலிருந்துதான் வர வேண்டும். 2025இல் அந்த ஆய்வு நிதியில் ஏற்பட்ட நெருக்கடியால் சில பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையையே குறைத்தன. அதனால் அமெரிக்காவை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரில் வரும். பரிந்துரைக் கடிதங்கள் மூன்று கேட்பார்கள். ஒன்று உங்கள் நிறுவனத்துப் புள்ளியியலாளரிடம் வாங்கலாம், குறைந்தது இரண்டு உங்களுக்குக் கணிதம் கற்பித்தவர்களிடமிருந்து வருவது நல்லது. மதுரைப் பேராசிரியர்களோடு தொடர்பு விட்டுப்போயிருந்தால் இப்போதே பேசத் தொடங்குங்கள்.

பிரிட்டனில் பாடங்கள் குறைவு, மூன்று நான்கு ஆண்டில் முடியும், ஆனால் வெளிநாட்டவருக்கு நிதியோடு கூடிய இடம் கிடைப்பது கடினம். ஸ்வீடன் போன்ற நாடுகளில் பிஎச்.டி. மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். வேலை விளம்பரம் போலவே இடங்கள் அறிவிக்கப்படும். உங்கள் அனுபவத்துக்கு அவை பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன், கவனித்து வாருங்கள்.

கடைசியாகப் பகுதிநேரம். யுஜிசி விதி அனுமதிக்கிறது. அதற்கு, ஆய்வுக்கு நேரம் தருவோம், பாடப்பகுதியை முடிக்க விடுவிப்போம் என்று நிறுவனம் தடையின்மைச் சான்றிதழ் தர வேண்டும். கால வரம்பு குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. நீங்கள் முதல் வகை ஆய்வைத் தேர்ந்தெடுத்தால் பகுதிநேரம் சாத்தியம் என்பேன். முறை சார்ந்த ஆய்வை, மாலை ஏழு மணிக்கு டெலிவரபிளை அனுப்பிவிட்டு வந்து செய்வது மிகக் கடினம். எந்த வழி என்றாலும், நிறுவனத்தின் மருந்து ஆய்வுத் தரவை உங்கள் ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். அது மருந்து நிறுவனத்துக்குச் சொந்தம். எழுத்துமூல அனுமதி கைக்கு வரும்வரை ஆய்வு முன்மொழிவில் அதைக் குறிப்பிடக்கூட வேண்டாம்.