‘மறந்துட்டேன்மா!’ – தினமும் இதே பதிலா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, குப்பைக்கூடையைக் காலி செய்வது என மூன்று வேலைகள் கொடுத்திருக்கிறேன். நான் சொன்னால் உடனே செய்கிறான், சொல்லாவிட்டால் மறந்துவிடுகிறான். சோம்பேறித்தனமா?

பதில்: சொன்னதும் செய்கிறானே, அது சோம்பல் இல்லை. பிறகு செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் தானாக நினைத்துக்கொள்வது தனித் திறமை. பிள்ளைகளிடம் அது மெல்லத்தான் வளரும். இப்போது அவனுக்கு உங்கள் குரல்தான் மணி. அது அடிக்காவிட்டால் வேலை நடக்காது. அந்த மணியை வேறொன்றுக்கு மாற்ற வேண்டும்.

இரண்டு வேலைகளைத் தற்காலிகமாக நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றுவது மட்டும் இருக்கட்டும். ‘மாலை 5 மணிக்கு’ என்று சொல்லாதீர்கள். கடிகாரத்தைப் பார்க்கவும் அவன் நினைவு வைத்திருக்க வேண்டுமே! ‘பள்ளிப்பையை வைத்ததும்’ என்று சொல்லுங்கள். பூவாளியைப் பை வைக்கும் இடத்திலேயே வையுங்கள். விடுமுறை நாளில் இந்த ஏற்பாடு அறுந்துபோகும். அன்றைக்கு ‘பல் துலக்கியதும்’ என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

முதல் நாள் ஒத்திகை பாருங்கள். வாசலிலிருந்து வந்து, பையை வைத்து, பூவாளியை எடுத்து, தண்ணீர் ஊற்றுவது வரை நாலைந்து முறை. “பையை வைத்ததும் பூவாளியை எடுப்பேன்” என்று அவன் வாயாலேயே சொல்லட்டும். மூன்று நாள் வேலையின் பெயரைச் சொல்லி நினைவூட்டலாம். அடுத்த சில நாள், “பையை வச்சாச்சு, அடுத்து என்ன?” என்ற கேள்வி மட்டும். பிறகு பூவாளியைக் கண்ணால் காட்டினால் போதும். அப்புறம் பேசாமல் இருங்கள். இதுதான் பெற்றோருக்குக் கடினமான கட்டம். மறந்துபோனால் திட்டாமல், பையை மறுபடி எடுத்து வைக்கச் சொல்லி அங்கிருந்தே தொடங்கவையுங்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படியப் பெரியவர்களுக்கே சராசரியாக 66 நாட்கள் ஆகியிருக்கின்றன. 18 முதல் 254 நாட்கள் வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. ஆகவே பத்தாம் நாளே ‘சரிப்படாது’ என்று முறையை மாற்றாதீர்கள். முதல் வேலை சொல்லாமலே நடக்க ஆரம்பித்த பிறகு அடுத்ததைச் சேருங்கள்.

கேள்வி: வேலைப் பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒரு வாரம்தான் பலன். ஏன்?

பதில்: கண்ணுக்குப் பழகிய காகிதம் சுவரோடு சுவராகிவிடும். வேலை நடக்கிற இடத்தில், பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். ‘அறையைச் சுத்தம் செய்’ என்று எழுதியிருந்தால் எங்கே தொடங்குவது என்றே புரியாது. ‘அழுக்குத் துணி கூடையில், புத்தகம் அலமாரியில், போர்வை மடிப்பு’ என உடைத்து எழுதுங்கள். மூன்று வரி போதும். வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு, ஒழுங்காக இருக்கும் அறையைப் புகைப்படம் எடுத்து ஒட்டினால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: ஸ்டார் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் வேலையை முடித்ததற்கு அல்ல, நீங்கள் சொல்லாமலே நினைவு வைத்துத் தொடங்கியதற்கு.