எது அற்புதம்? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தென்மாவட்டம் ஒன்றில் வங்கியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நவீன கவிதை வாசிக்கிறோம். பெரும்பாலோர் சிற்றிதழ்களில் எழுதியவர்கள். வெறும் வாசகி நான் ஒருத்திதான். சென்ற மாதம் கோவில்பட்டிக் கவிஞர் தேவதச்சனின் கவிதைகளை எடுத்துக்கொண்டோம். துணி துவைப்பவருக்குக் குருவிகளின் சப்தம் கேட்கும் கவிதையை நான் வாசித்தேன். வாசித்து முடித்ததும், எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா துவைக்கிற கல் நினைவுக்கு வந்தது என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். மூத்தவர் ஒருவர், "இதையெல்லாம் உணரத்தான் முடியும், விளக்கினால் கவிதை செத்துப்போகும்" என்றார். இன்னொருவர், "மழையில்லாத கரிசல் பூமி, தீப்பெட்டிக் கம்பெனியில் வேகிற சனங்கள், அங்கே உட்கார்ந்துகொண்டு குருவியைக் கேட்கிறவர் என்ன கவிஞர்?" என்றார். பிறகு எல்லோரும் "அபாரம்", "தரிசனம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவர் கவிதைகள் மிகவும் பிடித்திருக்கின்றன. ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. விளக்கினால் கவிதை உண்மையிலேயே செத்துப்போகுமா?

ம.

அன்புள்ள ம.,

திருக்குறளுக்குப் பழைய உரை எழுதியவர்கள் பத்துப் பேர் என்று சொல்வார்கள். பத்துப் பேர் விளக்கியும் அது சாகவில்லை. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

உங்கள் மூத்தவரை நான் குறைசொல்ல மாட்டேன். அவர் அப்படிப் பேசுவதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. புதுக்கவிதை வந்த நாளில் யாப்புத் தெரிந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். உரைநடையை உடைத்து உடைத்து அடுக்கியிருக்கிறான் என்றார்கள். சில நூறு பிரதி அச்சிட்ட பத்திரிகைகளில், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களே வாசகர்களாக இருந்த காலம். வெளியே கேலி, உள்ளே சிறு கூட்டம். அந்த நிலையில் "உணர்ந்தால் உணர், இல்லாவிட்டால் போ" என்பது ஒரு தற்காப்பு. கேலி செய்தவர்கள் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. கதவைச் சாத்தும் பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது அந்தக் கதவு உங்களைப் போன்றவர்கள் முகத்தில் சாத்தப்படுகிறது.

ஆனால் அந்தக் கேலிக்கு நடுவில் உட்கார்ந்து சி.சு. செல்லப்பா செய்தது வேறு காரியம். 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, ஒரு கவிதையை எடுத்து வரி வரியாக, சொல் சொல்லாகப் பிரித்துப் பக்கம் பக்கமாக எழுதினார். புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றவரும் அவர்தான். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் அலசல். இன்னொரு விமர்சகரான க.நா.சு.வுக்கு அந்தப் பொறுமை கிடையாது. தரமானவர்கள் இவர்கள் என்று பட்டியல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். க.நா.சு.வின் பட்டியலுக்குப் பின்னால் அசாத்தியமான படிப்பு இருந்தது. இன்றைக்கு நம்மிடம் படிப்பு குறைந்துவிட்டது, பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போகிறது. அலசலைக் காணோம். துணி துவைக்கும் கவிதையைப் பற்றிக் கேட்கிற உங்களுக்கு 'அலசல்' என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு முப்பது வயது இருக்கும்போது ஒரு கூட்டத்தில் தேவதச்சனைப் பற்றிப் பேசினேன். இதே கவிதையைச் சொல்லி "அற்புதம்" என்றேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை அற்புதம். பின் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, "தம்பி, எது அற்புதம்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. நான் மௌனம், பிரபஞ்சம், இருப்பு என்று மூன்று பெரிய சொற்களை எடுத்து வீசினேன். அவர் மரியாதையாக உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் வந்து, "அந்தக் கவிதையை இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அந்த 'போடாத'வில்தான் இருக்கிறது. அதற்குக் காலம் கிடையாது, பார்த்தீர்களா?" என்றார். பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்.

பாதி வழியில்தான் எனக்கு விளங்கியது. கவிதையில் மூன்று முறை காதில் ஏதோ விழுகிறது. முதலில் "குருவிகள் போடுகிற சப்தம்". அடுத்தது "குருவிகள் போய்விட்ட நிசப்தம்". கடைசியாக "குருவிகள் போடாத சப்தம்". போடுகிற என்பது நிகழ்காலப் பெயரெச்சம். போய்விட்ட என்பது இறந்தகாலம். அடுத்து எதிர்காலம்தானே வரவேண்டும்? வருவதோ எதிர்மறைப் பெயரெச்சம். பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த அன்றே மறந்துபோன அதே சங்கதி. 'போடாத' என்ற சொல்லுக்குள் காலம் காட்டும் இடைநிலை இல்லை. நேற்றுப் போடாத, இன்று போடாத, நாளை போடாத, எல்லாம் ஒரே போடாததான். குருவி இருக்கிற நேரம், குருவி போன நேரம், இரண்டையும் கடந்து நேரமே இல்லாத ஓர் இடத்துக்கு அந்தக் கவிதை ஒரு சொல்லில் போய்விடுகிறது. நான் பிரபஞ்சம் என்று உளறியது இதைத்தான் போலிருக்கிறது. ஆனால் நவீன கவிதையே படிக்காத ஒரு தமிழாசிரியருக்கு அது எந்த எழுத்தில் இருக்கிறது என்று காட்டத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் அலசலாம். குருவிக்குத் தமிழில் ஒலியா இல்லை? கீச்சொலி இருக்கிறது, கூவல் இருக்கிறது, குரல் இருக்கிறது. கவிஞர் தேர்ந்தெடுத்தது, வீட்டில் பிள்ளைகளை அதட்டும்போது சொல்கிறோமே, அந்தச் 'சப்தம் போடுவது'. 'கீச்சொலி' என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். முதல் வரி கொஞ்சம் அழகாகிவிடும். அதன்பின் நிசப்தம் வர முடியாது. "போடாத கீச்சொலி" என்றால் சிரிப்புத்தான் வரும். அந்தச் சாதாரணச் சொல் இருந்தால்தான் சப்தம், நிசப்தம், மறுபடி சப்தம் என்ற ஏற்ற இறக்கம் நடக்கும். ஒரு சொல் கவிதையில் வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால், அதை எடுத்துவிட்டு அதைவிட அழகான சொல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கவிதை நொண்டினால் பழைய சொல் சரியான சொல்.

இலைகளைப் பற்றி அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். காற்றில் விநோதமாக ஆடுகிற இலையைக் கையில் பிடிக்கிறார், பிடித்ததும் நடனம் மட்டும் எங்கோ ஒளிந்துகொள்கிறது. நடனம் 'நின்றுவிடுகிறது' என்று எழுதியிருந்தால் அது ஒரு தகவல். 'ஒளிந்துகொள்கிறது' என்னும்போது அது கண்ணாமூச்சி ஆடுகிற குழந்தை. எங்கேயோ இருக்கிறது, நம் கை போனால் திரும்பி வரும். இந்தக் கவிதையைத் தத்துவம் என்று சொல்லித் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள் அந்த வினைச்சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கட்டுரையில் நீங்கள் செய்யக்கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேவதச்சன் கோவில்பட்டிக்காரர், அங்கே நகைக்கடை வைத்திருந்தவர் என்பது பலரும் அறிந்ததுதான். உடனே "பொன்னை நிறுப்பதுபோல் சொல்லை நிறுக்கிறார்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. பொன் நிறுப்பது வியாபாரம். கணிதம் சொல்லிக்கொடுத்தவராக இருந்திருந்தால் "சொற்களைக் கூட்டிக் கழிக்கிறார்" என்று எழுதியிருப்போம்.

அந்த ஊரைப் பற்றி எழுதலாம். கு. அழகிரிசாமிக்கும் கி. ராஜநாராயணனுக்கும் சொந்த ஊரான இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கம். பூமணி, சோ. தர்மன், கோணங்கி என்று அந்த வட்டாரம் உரைநடையில் நிரம்பி வழிகிறது. கரிசலின் வெயிலையும் பசியையும் கதைகளாகக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நிலத்தில், 1952-இல் பிறந்த ஒருவர் ஊரை, சாதியை, வட்டார வழக்கை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, சப்தமில்லாத சின்னக் கவிதைகளை எழுதினார் என்பதே யோசிக்க வேண்டிய விஷயம். கவிஞர் ஆத்மாநாம் 1978-இல் தொடங்கிய 'ழ' இதழோடு சேர்த்துப் பேசப்படும் கவிஞர்களில் தேவதச்சனும் ஒருவர். முதல் தொகுப்பு 'அவரவர் கை மணல்' அவருடையது மட்டுமில்லை, நண்பர் ஆனந்தோடு சேர்ந்து போட்டது. அடுத்த தொகுப்பு 'அத்துவான வேளை' வரும்போது 2000 ஆகிவிட்டது. இடையில் அந்த நகைக்கடையைத் தேடி எத்தனையோ இளைஞர்கள் போய்ப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 2015-இல் விஷ்ணுபுரம் இலக்கிய விருது கொடுத்தார்கள்.

பாராட்டுக் கட்டுரை என்றால் எல்லாமே உயர்வு என்று எழுத வேண்டியதில்லை. 2000-க்குப் பிறகு அடுத்தடுத்து வந்த தொகுப்புகளில் சில கவிதைகள் எனக்கு நாட்குறிப்பாகத்தான் தெரிகின்றன. ஒரு வியப்பு, ஒரு கேள்விக்குறி, முடிந்தது. 'போடாத' போன்ற ஒரு சொல்லைத் தேடித் தேடி ஏமாந்திருக்கிறேன். இதையும் எழுதுங்கள். கும்பிடு போடுவதற்கு அலசல் எதற்கு?

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் கூடியது. அவர் கம்பனின் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்காட்டி, எந்த இடத்தில் சொல் திரும்புகிறது என்று காட்டுவாராம். இடைசெவல்காரர்களான அழகிரிசாமி, ராஜநாராயணன் இருவருமே அவருடைய பக்தர்கள். அந்த ரசனையின் பொறுமை நமக்கு வேண்டும். ஆனால் அதே டி.கே.சி. தமக்குப் பிடிக்காத பாட்டையெல்லாம் இது கம்பன் பாட்டே இல்லை என்று தள்ளியும் வைத்தார். ரசிகர் ஆசிரியரைத் திருத்தக் கிளம்பினால் இந்த ஆபத்து உண்டு. பிடிக்காத கவிதையும் அவர் எழுதியதுதான், அப்படியே இருக்கட்டும்.

இனி தீப்பெட்டிக் கம்பெனிக் கேள்வி. அது அசட்டுக் கேள்வி இல்லை. தேவதச்சனிடம் கந்தகத்தின் நெடி கிடையாது, அது வேண்டுமென்பவர் வேறு இடத்துக்குப் போகலாம். எனக்கும் அது வேண்டும், நானும் போகிறேன். ஆனால் இந்தக் குறிப்பிட்ட கவிதையை வைத்து அந்த நண்பர் அதைச் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. இங்கேதான் உங்கள் அம்மா வருகிறார்.

இத்தனை வருடமும் இந்தக் கவிதையில் துவைப்பவர் ஓர் ஆண் என்றே நினைத்திருந்தேன். கிணற்றடி, மடித்துக் கட்டிய வேட்டி, காலை நேரம். கவிஞர் ஆண் என்பதைத் தவிர அதற்கு என்ன ஆதாரம்? உங்கள் கடிதம் வந்ததும் எடுத்துப் பார்த்தேன். 'துவைத்துக்கொண்டிருந்தேன்' என்பது தன்மை ஒருமை. தமிழில் தன்மை வினைமுற்றுக்கு ஆண்பால், பெண்பால் கிடையாது. அது உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம். கவிதை உங்களைத் தடுக்கவில்லை, அந்த அறையில் சிரித்தவர்கள்தான் தடுத்தார்கள்.

அம்மாவை அங்கே நிறுத்திவிட்டு இன்னொரு தரம் வாசித்தேன். "அடுத்த துணி எடுத்தேன்" என்ற இடம் மாறிப்போனது. கல்லில் துணி அடிக்கிற சப்தத்தைப் பற்றிக் கவிதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அது கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும். ஒரு துணி முடிந்து அடுத்ததைக் குனிந்து எடுக்கும் அந்த ஒரு மூச்சு நேரம்தான் கல் ஓய்கிறது. அந்த இடைவெளியில்தான் போடாத சப்தம் காதில் விழுகிறது. ஒரு நாளில் துவைப்பவருக்குக் கிடைக்கிற ஓய்வு அவ்வளவுதான். வீட்டில் மொத்தம் எத்தனை பேர் துணி, அடுத்த துணிக்கு அடுத்து எத்தனை துணி என்று கவிதை சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நாலு பக்கத்தையும் அந்தக் கல்லிலிருந்து தொடங்குங்கள். அம்மாவிடம் கவிதையை வாசித்துக் காட்ட முடியுமானால் காட்டுங்கள். அவருக்கு எது காதில் விழுந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.