வாடகை கட்டுப்படியாகலன்னா ஊருக்கு வெளிய போயிடலாமே?

சென்னைல வாடகை குடுக்க முடியாதவங்க ஏன் புறநகர்ப் பக்கம் போகாம உள்ளயே கஷ்டப்படறாங்கன்னு கேட்டிருக்கீங்க. போறாங்கங்க, நாங்களே அப்படி போனவங்கதான். ஆனா வெளிய போனா செலவு கொறையுங்கறது பாதிதான் உண்மை.

எங்க அம்மா மேற்கு மாம்பலத்துல வீட்டு வேலை செய்றாங்க. சைதாப்பேட்டைல ஒரே ரூம், பாத்ரூம் நாலு குடித்தனத்துக்கும் பொது, அதுக்கே ஓனர் வாடகைய 8,000 ஆக்குனதும் தாம்பரம் தாண்டி இருக்கற ஊரப்பாக்கம் வந்தோம், இங்க 5,500. அங்க இருந்தப்ப அம்மா காலைல மூணு வீடு பாத்துட்டு மதியம் வீட்டுக்கு வந்து ஆக்கி வச்சிட்டு சாயங்காலம் இன்னும் ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்ச்சிட்டு வருவாங்க, இப்ப அந்த சாயங்கால வேலை மொத்தமா போச்சு, ஏன்னா ஒரு நாளைக்கு ரெண்டு தடவ யாரால டிரெயின்ல போயிட்டு வர முடியும்? சீசன் டிக்கெட் மலிவுதான், அத நான் கொற சொல்லல. நேரம்தான் இங்க காசு. வாடகைல மிச்சமானத விட அம்மா இழந்த சம்பளம் அதிகம்.

அடுத்து கரண்ட். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு அரசு குடுக்குது, ஆனா வாடகைக்கு இருக்கறவங்களுக்கு ஓனருங்க தனியா சப் மீட்டர் மாட்டி முதல் யூனிட்ல இருந்தே 8 ரூபா, 10 ரூபான்னு வாங்குறாங்க. கேட்டா வீட்ட காலி பண்ணுன்னு பதில் வரும்.

காலி பண்றதும் லேசுல்ல, அட்வான்ஸ் இருக்கே. மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2017-ல சட்டம் போட்டாங்க, ஆனா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா மீறலாம்னு அதுலயே வழி விட்டிருக்காங்க, வீடு தேடி அலையறவன் எதுக்கு ஒத்துக்க மாட்டான் சொல்லுங்க? பழைய ஓனர் அட்வான்ச திருப்பித் தர்றதுக்குள்ள புது வீட்டுக்கு கந்து வட்டிக்கு வாங்கி கட்டுறவங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

இதுல எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்றது கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் விஷயம்தான். கூவம், அடையாறு கரைல குடிசை போட்டு இருந்தவங்கள அரசு 2000-த்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஊருக்கு வெளிய இருக்கற அந்த இடங்களுக்கு கொண்டு போய் விட்டுச்சு, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் பெரும்பாக்கத்துக்கு இன்னும் நிறைய பேர். கான்கிரீட் வீடு குடுத்தாங்க, சரி. மீன் விக்கறவங்க, லோடு ஏத்தறவங்க, வீட்டு வேலை செய்றவங்க எல்லாருக்கும் பொழப்பு பல கிலோமீட்டர் தள்ளி பழைய இடத்துலயே இருக்கு. அதனாலதான் நிறைய குடும்பம் அந்த வீட்ட பூட்டிட்டோ வாடகைக்கு விட்டுட்டோ பழைய ஏரியாவுக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் எடுத்து திரும்பி வந்துச்சு. வீட்ட குடுத்தாலும் இருக்க மாட்டேங்கறாங்கன்னு பேசறவங்க ஒரு மாசம் அங்கிருந்து வேலைக்கு வந்து பாக்கட்டும். 2021-ல சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லன்னு ஆனது நெசமாவே பெரிய உதவி, ஆனா ராத்திரி அந்த பஸ்ஸுக்கு காத்து நிக்கற நேரத்த யாரும் திருப்பித் தர முடியாது.

இப்ப பக்கத்துல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகு ஊரப்பாக்கத்துலயும் வாடகை ஏறிட்டே போகுது. எங்க ஓனரும் 1,000 ஏத்தணும்னு சொல்லிட்டார். இன்னும் தள்ளி சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் விசாரிச்சிட்டு இருக்கோம், அங்க போனா அம்மா காலைல பாக்குற வீட்டுலயும் ஒண்ண விடணும்.